ஓநாயின் வயிற்றில் கதையை நிறுத்தாதீர்கள்

தேவதைக் கதைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஏழு வயது மகளுக்காக கிரிம் சகோதரர்களின் முழுத் தொகுப்பை வாங்கினேன். சிண்ட்ரெல்லா கல்யாணத்தில் புறாக்கள் வந்து அக்காமாரின் கண்களைக் கொத்தி எடுக்கின்றன! பழைய கதைகள் இவ்வளவு கொடூரமா? பிற்பாடுதான் மென்மையாக்கினார்களா? (வாசகி, கரூர்)

பதில்: இந்தக் கதையில் நடந்தது நேர்மாறு. யாக்கோப் கிரிம்மும் வில்ஹெல்ம் கிரிம்மும் 1812-ல் கொண்டுவந்த முதல் பதிப்பில், செருப்புக்குள் கால் நுழையவேண்டும் என்று ஒருத்தி கால்விரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்வது உண்டு. கண் போவது கிடையாது. அது 1819-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. அதே பதிப்பின் முன்னுரையில்தான், குழந்தைகளுக்கு ஒவ்வாத சொற்களைக் கவனமாக நீக்கிவிட்டதாகவும் எழுதினார்கள்!

அவர்கள் முக்கியமாக ஒவ்வாது என்று நினைத்தது வேறு. 1812-ல் கோபுரத்தில் அடைபட்ட ரபுன்செல், தன்னை அடைத்துவைத்து, தன் கூந்தலைப் பிடித்து மேலே ஏறிவருபவளிடம், "என் உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது?" என்று கேட்கிறாள். ராஜகுமாரன் வந்துபோவது அப்படித்தான் வெளியே தெரிகிறது. பிற்பாடு அதை, "இளவரசனைவிட உங்களைத் தூக்குவது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?" என்று அவளே உளறிவிடுவதாக மாற்றினார்கள். கர்ப்பத்தை மறைக்கப்போய்ப் பெண்ணை அசடாக்கியதுதான் மிச்சம். கடைசியில் இரட்டைக் குழந்தைகள் மட்டும் எங்கிருந்தோ வந்து நிற்கும். ரத்தத்தை அவர்கள் தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகள் பன்றி அறுக்கும் விளையாட்டு விளையாடி, ஒரு குழந்தையை நிஜமாகவே அறுத்துவிடும் கதை முதல் பதிப்போடு போய்விட்டது. ஆனால் கெட்டவர்களுக்கு விழும் தண்டனையில் அவர்கள் கை வைக்கவில்லை. சில இடங்களில் கூட்டினார்கள்.

உங்கள் மகளுக்குச் சொல்லும்போது கண் வரியைத் தாராளமாக விடலாம். பின்னால் ஒட்டியது, எடுத்தால் கதை அறுந்துபோகாது. கால்விரல் வெட்டுவதை முழுதாக விட முடியாது. செருப்பில் ரத்தம் இருப்பதைப் புறாக்கள் சொல்லித்தான் ராஜகுமாரன் குதிரையைத் திருப்புகிறான். அந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோ 1697-ல் எழுதிய வடிவத்துக்குப் போங்கள். உதவிக்கு வரும் தேவதையும் பூசணி வண்டியும் கண்ணாடிச் செருப்பும் அவருடையவை. அதில் சிண்ட்ரெல்லா அக்காமாரை மன்னித்து, அரண்மனைக்கே அழைத்துப் பிரபுக்களுக்குக் கட்டிவைக்கிறாள். இரண்டையும் கலந்து சொன்னால் ஓட்டை விழும். கிரிம் கதையில் உதவி வருவது அம்மாவின் சமாதிமேல் வளர்ந்த மரத்திலிருந்தும் பறவைகளிடமிருந்தும். மரத்தை எடுத்துவிட்டுத் தேவதையை வைத்தால், புறாக்களுக்குக் கதையில் வேலை இல்லை.

கேள்வி: ஸ்நோ ஒயிட்டை எழுப்பியது முத்தம்தானே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இல்லை. 1812-ல், சவப்பெட்டியைச் சுமந்து அலுத்துப்போன வேலைக்காரன் எரிச்சலில் அவள் முதுகில் ஒன்று வைக்கிறான், தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. 1819 முதல், சுமப்பவர்கள் இடறிய குலுக்கலில் துண்டு விழுகிறது. முத்தத்தை ஊரெல்லாம் பரப்பியது 1937-ல் வந்த டிஸ்னி படம்.

கேள்வி: சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றுவிடுவதாகச் சொன்னால் நாலு வயதுப் பையன் அழுகிறான். தின்னவே இல்லை என்று சொல்லலாமா? (வாசகி, மதுரை)

பதில்: பெரோவின் கதை அங்கேயே முடிகிறது. ஓநாய் தின்றது, கதை சரி. இனிக்க இனிக்கப் பேசும் ஓநாய்களே மிக ஆபத்தானவை என்று இளம்பெண்களுக்கு ஒரு செய்யுள் மட்டும் பின்னால் வரும். அரசவைப் பக்கம் வளரும் பெண்களுக்கான எச்சரிக்கை அது. நாலு வயதுக்கானது இல்லை.

கிரிம் கதையில் வேட்டைக்காரர் ஓநாயின் வயிற்றைக் கத்தரித்துச் சிறுமியையும் பாட்டியையும் வெளியே எடுக்கிறார். தின்றதைச் சொன்னால், அதே மூச்சில் வெளியே வந்ததையும் சொல்லிவிடுங்கள். 'மீதி நாளைக்கு' என்று வயிற்றுக்குள்ளேயே நிறுத்தினால் அன்று ராத்திரி உங்களுக்கும் தூக்கம் போச்சு. ஓநாய்க்கு என்ன ஆயிற்று என்பதையும் விடாதீர்கள். சும்மா ஓடிப்போய்விட்டது என்றால், "இப்போ அது எங்கே இருக்கு?" என்று கேள்வி வரும். கேள்வி நியாயமானதுதான்.

பல படப்புத்தகங்கள் விட்டுவிடும் இரண்டாம் பகுதி ஒன்று கிரிம் கதையில் இருக்கிறது. வேறொரு நாள் இன்னொரு ஓநாய் வழியில் பேச்சுக் கொடுக்கிறது. சிறுமி நிற்காமல் நேரே பாட்டியிடம் போய்ச் சொல்கிறாள். கதவைத் தாழ்போடுகிறார்கள். ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்கிறது. முந்தின நாள் இறைச்சிக்குழல் (சாசேஜ்) வேகவைத்த தண்ணீரைச் சிறுமி வாளி வாளியாக எடுத்து வாசலில் இருக்கும் கல்தொட்டியில் ஊற்றுகிறாள். வாசனைக்குக் கழுத்தை நீட்டி நீட்டி, ஓநாய் சறுக்கித் தொட்டியில் விழுந்து முழுகிப்போகிறது. உங்கள் பையனுக்கு இதையே முதலில் சொல்லிப் பாருங்கள். இதில் யாரும் யார் வயிற்றுக்குள்ளும் போவதில்லை. யாரிடம் சொல்லவேண்டும், எதைப் பூட்டவேண்டும் என்பது உபதேசம் இல்லாமலே வந்துவிடுகிறது.

கேள்வி: பொய் சொன்னால் மூக்கு நீளும் என்று கதை சொல்கிறோம். பிள்ளைகள் திருந்துகிறார்களா? (ஆசிரியை, ஈரோடு)

பதில்: 2014-ல் வெளியான ஒரு கனடிய ஆய்வு இதையே சோதித்தது. மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம், திரும்பிப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே பொம்மையைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நடுவில் பெரியவர் வெளியே போய்வந்து, ஒரு கதை படித்துவிட்டு, "எட்டிப் பார்த்தாயா?" என்று கேட்டார். மூக்கு நீளும் பினோக்கியோ கதையும், 'புலி வருது' போன்ற ஓநாய்ப் பொய்யன் கதையும் பொய்யைக் குறைக்கவில்லை. பலித்தது ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்கும் கதை. அதையே அவர் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதாக மாற்றியபோது பலன் போய்விட்டது. (அந்தச் செர்ரி மரமே மேசன் வீம்ஸ் என்ற புத்தக வியாபாரி 1806-ல் சேர்த்த கட்டுக்கதை என்பது வேறு விஷயம்.)

கதை முடிந்த கையோடு சோதித்த ஆய்வு இது. வருஷக் கணக்கில் குணம் மாறும் என்பதற்கு ஆதாரம் ஆகாது. இருந்தாலும் வகுப்புக்கு உபயோகப்படும். பொய் சொன்னவன் பட்ட பாட்டை விவரிக்கும் நேரத்தில், உண்மையைச் சொன்னவனுக்கு என்ன கிடைத்தது என்பதை விவரியுங்கள். 'இதனால் அறியும் நீதி' என்று ஒப்பிக்க வைக்காதீர்கள். பிள்ளைகள் அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டு கதையை விட்டுவிடுவார்கள். "நீ அங்கே இருந்தால் அப்பாவிடம் என்ன சொல்லியிருப்பாய்?" என்று ஒன்றைக் கேட்டால் போதும்.

கேள்வி: நான் இரண்டாம் தாரம். ஹான்சல், கிரெட்டல் கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: 1812-ல் அந்தப் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாய்தான். அவளைச் சிற்றன்னையாக மாற்றியது 1840 பதிப்பு. ஸ்நோ ஒயிட்டின் எதிரியும் முதலில் பெற்ற தாய்தான், 1819-ல் மாற்றினார்கள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்ற சங்கடத்தைத் தீர்க்க, பழியை வீட்டுக்கு வந்தவள்மேல் போட்டார்கள்.

ஸ்நோ ஒயிட்டில் 'அந்த ராணி' என்று மட்டும் சொல்லுங்கள்; ஒன்றும் குறையாது. ஹான்சல் கதையில் வீட்டில் ரொட்டி இல்லாததை நன்றாக விவரித்து, காட்டில் விடும் முடிவை 'பெரியவர்கள்' எடுத்ததாகச் சொல்லுங்கள். அப்பாவும் அதற்குச் சம்மதித்தவர்தானே? பிள்ளைகள் திரும்பி வரும்போது மனைவி செத்துப்போயிருப்பாள் என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அப்பா ஓடிவந்து கட்டிக்கொள்வதோடு கதை நிற்கட்டும்.