பிறப்புப் பதிவே கிடைக்காத முன்னோரை எப்படித் தேடுவது?

பிறப்புப் பதிவு என்பது, ஒரு குழந்தை பிறந்ததை யாரோ போய்ச் சொல்ல, அதை ஓர் அலுவலர் ஏட்டில் எழுதிவைப்பது. யாரும் சொல்லவில்லை என்றால் ஏட்டில் எதுவும் இருக்காது. இங்கிலாந்தில்கூட அரசுப் பதிவு 1837-இல்தான் தொடங்கியது; பெற்றோரே பதிவு செய்தாக வேண்டும் என்ற பொறுப்பு வந்தது 1875-இல். இடையில் விடுபட்டவர்கள் உண்டு.

சரி, பதிவு இருந்தும் கண்ணில் படாமல் போவது ஏன்? பெரும்பாலும் நாம் தவறான விவரத்தை வைத்துத் தேடுவதால்தான். எழுதியவர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். இறப்புச் சான்றிதழில் உள்ள வயது, தகவல் சொன்னவரின் ஊகமாக இருக்கலாம் (இறந்தவரைக் கேட்க முடியாதே!).

அதனால், தொலைந்த சாவியைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து தேடுவதுபோல, இறப்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: இறப்பு, திருமணம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அப்புறம் உடன்பிறந்தவர்களின் பதிவுகள். என்னைக் கேட்டால் இதுதான் பலரும் தவறவிடும் வழி. தம்பியின் பதிவில் பெற்றோர் பெயரும் ஊரும் கிடைத்துவிடலாம்.

இணையத்தில் வரவில்லை என்றால் பதிவே இல்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் ஏராளமான ஏடுகள் இன்னும் காப்பகங்களில் வெறும் காகிதமாகவே இருக்கின்றன.