கொடுத்த உப்பு எது என்று ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும் உப்புச் சோதனையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

சோடியம் குளோரைடில் அடர் கந்தக அமிலம் விட்டு ஹைட்ரஜன் குளோரைடு எடுக்கிறோமே, அதே மாதிரி புரோமைடிலிருந்து ஹைட்ரஜன் புரோமைடு எடுத்தால் என்ன?

எடுக்கலாம், ஆனால் சுத்தமாகக் கிடைக்காது. குளோரைடில் அமிலம் பட்டதும் காரமான வெண்புகை வரும், அம்மோனியாவில் தோய்த்த கண்ணாடிக் கம்பியைக் குழாயின் வாய்க்குக் கொண்டுபோனால் புகை இன்னும் திரளும், அத்தோடு சரி. புரோமைடிலும் முதலில் புகைதான், ஆனால் கூடவே செம்பழுப்பு ஆவியும் ஏறத் தொடங்கிவிடும். குளோரைடைவிட புரோமைடு அயனி பெரியது, வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மேல் கருவுக்குப் பிடி குறைவு, அதனால் அமிலம் எலக்ட்ரானைப் பிடுங்கி புரோமினை வெளியேற்றிவிட்டு, தான் சல்பர் டை ஆக்சைடாக ஒடுங்கிவிடுகிறது. அயோடைடில் இன்னும் கூத்து: ஊதா ஆவி, குழாயின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும் கருஞ்சாம்பல் படிகம், மஞ்சளாகக் கந்தகம், அதற்கும் மேலே அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது கந்தகத்தின் ஆக்சிஜனேற்ற எண் +6-இலிருந்து −2 வரை இறங்கிவிட்டது. (விஷவாயு, மூக்கைக் கொண்டுபோகாதீர்கள்.) புரோமைடுக்கும் அயோடைடுக்கும் பாஸ்பாரிக் அமிலம் போதும், அது இவற்றை ஆக்சிஜனேற்றம் செய்யாது.

சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்க்கும் சோதனையில் எந்த உப்பைக் கொடுத்தாலும் எனக்குக் குளோரைடு என்றே வருகிறது சார்.

டெஸ்ட் டியூபைக் குழாய்த் தண்ணீரில் கழுவினீர்களா? அதுதான் விஷயம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரைடே சில்வர் நைட்ரேட்டைக் கலங்கவைக்கப் போதும். நானும் படிக்கிற காலத்தில் சோடியம் நைட்ரேட்டைக் குளோரைடு என்று எழுதிவிட்டு, தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு என்று அடிக்கோடும் போட்டவன்தான். உண்மையில் வந்தது தயிர் இல்லை, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல். இனிமேல் உப்பே போடாமல் ஒருமுறை செய்து பாருங்கள், அதிலும் கலங்கினால் காய்ச்சி வடித்த நீரில் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். சில்வர் நைட்ரேட்டுக்கு முன்னால் விடவேண்டியது நீர்த்த நைட்ரிக் அமிலம்; அவசரத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் நீங்களே குளோரைடைச் சேர்த்த மாதிரி.

அப்புறம், நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். குளோரைடு வெள்ளை, புரோமைடு வெளிர் மஞ்சள், அயோடைடு மஞ்சள் என்று புத்தகத்தில் தெளிவாக இருக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அம்மோனியா விட்டுப் பாருங்கள்: நீர்த்த அம்மோனியாவிலேயே கரைந்தால் குளோரைடு, அடர் அம்மோனியா கேட்டால் புரோமைடு, எதற்கும் அசையாவிட்டால் அயோடைடு.

சோடியம் புளூரைடில் வீழ்படிவே வரவில்லை, சில்வர் நைட்ரேட் கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. சில்வர் புளூரைடு தண்ணீரில் நன்றாகக் கரையும். கால்சியம் குளோரைடு கரைசல் விட்டால் வெள்ளை வீழ்படிவு கிடைக்கும். புளூரைடு எப்போதும் கொஞ்சம் தனி ஆள்தான்: 100 மி.லி. தண்ணீரில் சோடியம் புளூரைடு 4 கிராம் அளவுக்குத்தான் கரையும், அயோடைடு 180 கிராமையும் தாண்டும். உருகுநிலை தலைகீழ், புளூரைடு 993, குளோரைடு 801, புரோமைடு 747, அயோடைடு 661 டிகிரி செல்சியஸ். சின்ன அயனி சோடியத்தை நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது, பிரிக்க அதிக வெப்பம் வேண்டும்.

லேபில் இருக்கும் சோடியம் அயோடைடு மஞ்சளாகிவிட்டது. கடையில் வாங்கும் அயோடின் உப்பு ஏன் அப்படி ஆவதில்லை?

புட்டியில் ஈரமும் காற்றும் புகுந்து அயோடைடை அயோடினாக்கிவிட்டன. நம் சமையல் உப்பில் பொதுவாகச் சேர்ப்பது அயோடைடு இல்லை, பொட்டாசியம் அயோடேட். அதில் அயோடின் ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் ஆகி நிற்பதால் நம் ஊர் வெக்கையையும் ஈரத்தையும் தாங்கும்.

மழைக்காலத்தில் உப்பு கசிகிறதே, சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சுமா?

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பும் கசியும். அதற்கு முன்பே கசிந்தால் காரணம் உள்ளே இருக்கும் மெக்னீசியம் குளோரைடு. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு படிந்ததும் இந்த மெக்னீசியம் குளோரைடு கலந்த மிச்சக் கசப்பு நீரை வடித்துவிடுவது இதற்காகவும்தான், சரியாக வடியாத உப்பு ஜாடியில் சீக்கிரமே சொதசொதக்கும். ஜாடியில் அரிசி போடுகிறவர்கள் வறுத்துப் போடுங்கள், பச்சை அரிசியில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது.