மறைக்கத் தெரியாத கல்

சித்தூர் கடைத்தெருவில் 27 ஆண்டுகள் கல் பதிக்கும் பட்டறையில் உட்கார்ந்தவன் நான். கண் மங்கியதும் பட்டறையை விட்டேன், வாயை விடவில்லை. ஆந்திர–தமிழக எல்லையின் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இப்போது நிச்சயதார்த்த மோதிரத்தில் வட்ட வைரக் கல் பிடிப்பதில்லையாம். நீள்சதுர எமரால்டு கட், சதுர ஆஷர் கட் என்று படிக்கட்டு போல் பட்டை தீட்டிய வைரத்தைக் கேட்கிறார்கள். பணமோ அளவாகத்தான் இருக்கிறது. வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

நகரியிலிருந்து ஒரு தம்பி: ஐயா, எங்களுடையது விசைத்தறி வீடு. மோதிரத்துக்கு மொத்தம் 90,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எமரால்டு கட் வாங்கலாமா? கடைக்காரர் வட்டக் கல்லே மேல் என்கிறார்.

வாங்கலாம் தம்பி. ஆனால் இரண்டுக்கும் குணம் வேறு. வட்டக் கல்லில் 57 பட்டைகள் முக்கோணமும் பட்டமுமாக வெட்டப்பட்டு ஒளியைச் சிதறடிக்கும். உள்ளே ஒரு கீறல் இருந்தாலும் அந்த மினுமினுப்பில் தெரியாது. எமரால்டு கட்டில் பட்டைகள் கோயில் குளத்துப் படிகளைப் போல வரிசையாகக் கீழே இறங்கும். மேலே அகலமான தட்டைப் பரப்பு. தெளிந்த குளத்தில் அடியில் கிடக்கும் இலை தெரிவது போல, கல்லுக்குள் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே பணத்தைத் தெளிவில் போடுங்கள், பருமனில் குறைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்குள் குறை எவ்வளவு என்று பார்த்துத் தெளிவுக்குத் தரம் போடுவார்கள்; எஸ்.ஐ. 1-ஐவிட வி.எஸ். 2 ஒரு படி மேல். வட்டக் கல்லுக்கு எஸ்.ஐ. 1 தரம் பெரும்பாலும் போதும். எமரால்டு கட்டுக்கு வி.எஸ். 2-க்குக் கீழே இறங்காதீர்கள். வி.எஸ். 2 என்றாலும் புள்ளி கல்லின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், தங்கை கல்யாணத்துக்குக் கடை விளக்கு வெளிச்சத்தில் ஒரு எஸ்.ஐ. 1 கல்லை மலிவாகப் பிடித்தேன். வீட்டு ஜன்னலருகே பார்த்தால் நட்ட நடுவில் கடுகு போல ஒரு கறுப்பு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேர் நடுவில் உட்காரும்போது மட்டும் கட்டைவிரலால் அந்தக் கல்லை மூடிக்கொள்வாள்.

நிறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். நிறத்தை டி முதல் இசட் வரை ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள்; எழுத்து தள்ளிப் போகப் போக மஞ்சள் கூடும். இந்த வெட்டில் மஞ்சள் சாயலும் வெளியே தெரியும் என்பது உண்மை. ஆனால் மஞ்சள் தங்கத்தில் பதித்தால் ஐ, ஜே நிறக் கல்கூட உறுத்தாது. வெள்ளைத் தங்கம்தான் வேண்டும் என்றால் ஜி அல்லது எச் நிறத்துக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே செலவு ஏறும்.

இன்னொன்று. ஒரு காரட் எடை என்பது 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். 30, 50, 100 சென்ட் என்ற படிகளைத் தொட்டதும் விலை தாவும். 50 கேட்காமல் 46, 47 சென்டில் தேடுங்கள். விரலில் வித்தியாசம் தெரியாது, பில்லில் தெரியும். அதோடு, வெட்டாத கல்லிலிருந்து வட்டம் எடுக்கும்போது பாதிக்கு மேல் தூளாகப் போகும். இந்த வெட்டில் சேதம் குறைவு, அதை விரும்பிக் கேட்பவர்களும் குறைவு. அதனால் ஒரே எடை, ஒரே தரத்தில் எமரால்டு கட் பொதுவாக வட்டத்தைவிட மலிவு. உங்கள் கடைக்காரர் வட்டத்தைப் புகழ்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திருத்தணியிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, ஆய்வகத்தில் வளர்த்த வைரம் என்றால் அதே பணத்தில் ஒரு காரட்டே வருகிறது. அது போலியா? வீட்டில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று கேலி செய்கிறார்கள்.

போலி இல்லை, அம்மா. அமெரிக்கன் டைமண்ட் என்பது ஜிர்கோனியா, அது வேறு பொருள். ஆய்வகக் கல் சுத்தமான கார்பன்தான். கடினமும் ஒளியும் அதேதான், எங்கே உருவானது என்பதில்தான் வேறுபாடு. உயர்ந்த தெளிவு அதில் மலிவாகக் கிடைக்கும் என்பதால் படிக்கட்டு வெட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

ஆனால் திரும்ப விற்கும் எண்ணத்தோடு வாங்காதீர்கள். உற்பத்தி பெருகப் பெருக அதன் விலை சரிந்துகொண்டே வருகிறது. பழசை எடுத்துக்கொள்வோம் என்று கடையில் சொன்னால், எவ்வளவுக்கு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மாப்பிள்ளை வீட்டிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிய வந்தால் கல்லைப் பற்றிப் பேசமாட்டார்கள், உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மாய்சனைட் என்று ஒன்று வரும். அது வைரமே இல்லை. வெப்பத்தை மட்டும் சோதிக்கும் பேனா அதையும் வைரம் என்றே காட்டிவிடும், அந்தச் சத்தத்தை நம்பாதீர்கள்.

புத்தூரிலிருந்து ஒருவர்: நான் மெக்கானிக். தினமும் போட்டிருப்பேன். வைரம் உடையுமா சார்?

உடையும். கீறல் விழாது, ஆனால் வைரத்துக்குச் சில திசைகளில் பிளக்கும் குணம் உண்டு. ஓரத்தில் சரியான அடி பட்டால் சில்லு பெயரும். எமரால்டு கட்டிலும் ஆஷரிலும் மூலைகளை வெட்டியிருப்பதால் ஆபத்து குறைவு. பாகெட் என்ற கூர்மூலையுள்ள நீள்சதுரக் கல்லை விட்டுவிடுங்கள். உங்கள் வேலைக்குக் கல்லைச் சுற்றிலும் தங்கச் சுவர் எழுப்பிப் பதிக்கச் சொல்லுங்கள். எலும்பு முறிந்தால் உங்கள் ஊரிலேயே கட்டு இருக்கிறது, வைரத்துக்குப் புத்தூர் கட்டு கிடையாது. ஸ்பானர் எடுக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

சித்தூரிலிருந்து ஒரு தாயார்: தோஷமுள்ள வைரம் குடும்பத்துக்கு ஆகாது என்பார்களே தம்பி. மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?

வையுங்கள் அக்கா, நல்ல கடைக்காரர்கள் தருவார்கள். நம் முன்னோர் காகபாதம், விந்து, ஏகை என்று வைரக் குற்றங்களுக்குப் பெயரிட்டுப் பார்த்தார்கள். காக்கைக்கால் போன்ற கீற்று, புள்ளி, கோடு. இன்று லென்ஸில் பார்த்து அறிக்கையில் எழுதுவதும் கிட்டத்தட்ட இவற்றைத்தான். குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் காகபாதம் உள்ள கல்லைப் படிக்கட்டு வெட்டில் வாங்கினால் பார்வைக்கு ஆகாது. அந்த மூன்று நாளில் காலை வெயில், மர நிழல், டியூப்லைட் மூன்றிலும் பாருங்கள்.

குப்பத்திலிருந்து: மழைக்காலத்தில் ஜொன்னகிரி, வஜ்ரகரூர் வயல்களில் வைரம் பொறுக்குகிறார்களே. அங்கே நேராக வாங்கினால்?

கர்னூல், அனந்தபூர் பக்கத்து அந்த நிலங்களில் கல் கிடைப்பது உண்மைதான். ஆனால் வெட்டாத கல்லின் தோலுக்குள் என்ன இருக்கிறது என்று தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். வாங்கினாலும் பட்டை தீட்ட சூரத் வரை அனுப்ப வேண்டும். நிச்சயதார்த்தத் தேதி குறித்தவருக்கு இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

சத்தியவேட்டிலிருந்து: வைரத்துக்குத் தரம் பார்க்கும் ஜி.ஐ.ஏ. ஆய்வகத்தின் அறிக்கையோடு ஒரு எமரால்டு கட் பார்த்தேன். அதில் 'கட்' தரமே போடவில்லை. ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. ஜி.ஐ.ஏ. வட்டக் கல்லுக்குத்தான் கட் தரம் தருகிறது. மற்ற வடிவங்களுக்கு மெருகு, சமச்சீர் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே வெட்டு நன்றாக இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நான் கடையில் கல்லைக் கையில் வாங்கியதும் விளக்கை விட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். ஸ்பாட் விளக்கில் சோடா பாட்டில் சில்லுகூட மின்னும்.

வாசல் வெளிச்சத்தில் கல்லை மெல்லச் சாயுங்கள். படிகள் ஒன்று வெளுக்க, அடுத்தது இருள, மாறி மாறி வர வேண்டும். நடுவில் கண்ணாடி ஜன்னல் போல விரல் தோல் தெரிந்தால் கல் ஆழமில்லாமல் வெட்டப்பட்டிருக்கிறது. அறிக்கையில் ஆழம், அகலத்தில் 60 முதல் 70 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் எடை அடியில் ஒளிந்துகொள்ளும்; காசு கொடுத்த பருமன் கண்ணுக்குத் தெரியாது. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.3 முதல் 1.5 வருவது என் கண்ணுக்கு அழகு. ஆஷர் என்றால் சதுரம். உள்ளே சதுரத்துக்குள் சதுரமாக, கோலம் போட்ட மாதிரி ஒரே மையத்தில் கூட வேண்டும். மையம் தள்ளிப்போயிருந்தால் வேண்டாம். அறிக்கை எண் கல்லின் இடுப்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால் லென்ஸ் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பள்ளிப்பட்டிலிருந்து: சிறு பாகெட் கற்களைச் சேர்த்து ஒரே பெரிய கல் போலத் தெரிய வைக்கிறார்கள். வாங்கலாமா?

பணம் மிகக் குறைவு என்றால் வாங்கலாம், தூரத்துக்கு அழகுதான். ஒற்றைக் கல் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள். சிறு கற்கள் சேர்ந்து 50 சென்ட் ஆவதும், ஒரே கல் 50 சென்ட் இருப்பதும் விலையில் ஒன்றல்ல. இடுக்கில் சோப்பு அழுக்கு சேரும். ஒரு கல் விழுந்தால் அதே அளவில் இன்னொன்று தேடி அலைய வேண்டும்.

மீண்டும் நகரித் தம்பி: ஆந்திரத்தில் வாங்குவதா, தமிழ்நாட்டிலா? எங்கே வரி குறைவு?

இரண்டு பக்கமும் நகைக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி.தான். எல்லை தாண்டினால் பஸ் டிக்கெட் செலவுதான் மிச்சம். அதைவிடப் பில்லைப் படியுங்கள். கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்குக் கணக்குப் போட வேண்டும். 5 காரட் ஒரு கிராம். செய்கூலியையும் சேதாரத்தையும் தனித்தனியே கேளுங்கள். 18 காரட் தங்கமாக இருக்கட்டும் (தங்கத்தில் காரட் என்பது எடை இல்லை, சுத்தம்), 22 காரட் மென்மையானது, கல்லை இறுக்கிப் பிடிக்காது. 18 காரட்டுக்கான 750 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கம் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. என்ற ஹால்மார்க் குறியீடும் இருக்க வேண்டும்.

அதே தம்பி: அவளுக்குத் தெரியாமல் விரல் அளவு எடுக்க வழி உண்டா ஐயா?

நூல் கட்டி அளப்பதை நம்பாதீர்கள், நூல் இழுபடும். அவள் போடும் மோதிரம் ஒன்றின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்தால் போதும். அந்த மோதிரத்தை எடுத்துத் தர அவளுடைய தங்கையைப் பிடியுங்கள். தங்கைக்கும் ஏதாவது வாங்கித் தர வேண்டியிருக்கும், அதையும் 90,000-க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.