அது தண்ணீர்க் குழாய் அல்ல, படகின் மூக்கு

பந்தயத்தில் தீப்பிடித்த மிசிசிப்பி நீராவிப் படகைப் பற்றிய ஜான் ஹேயின் ‘ஜிம் பிளட்ஸோ’ (1871) கவிதையை மொழிபெயர்க்கும்போது, ‘நாசிலைக் கரையில் பிடித்திருப்பேன்’ என்ற வரியில் சிக்கிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். தீயணைக்கும் குழாய் என்று கொண்டதால்தான் பொருள் குழம்புகிறது. இங்கே ‘நாசில்’ (nozzle) என்பது படகின் முன்முனை. நம் கடலோடிகளிடம் ‘அணியம்’ என்ற அருமையான சொல் இருக்கிறது, அதையே வைத்துவிடுங்கள்.

‘தீப்பிடித்த பிறகும் ஜிம் ஏன் இறங்கவில்லை?’ என்ற உங்கள் அடுத்த கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. ஜிம் எஞ்சின் இயக்குபவன். படகைச் செலுத்தும் துடுப்புச் சக்கரம் நின்றால் மிசிசிப்பியின் நீரோட்டம் படகைக் கரையிலிருந்து பிரித்து இழுத்துப் போய்விடும். எல்லோரும் இறங்கும்வரை யாராவது எஞ்சினை ஓட்டி, அணியத்தைக் கரையோடு அழுத்திவைத்திருக்க வேண்டும். அந்த ஒருவன் இவன்.

கவிதையில் கொதிகலனின் பாதுகாப்பு வால்வின்மேல் (அழுத்தம் மிகும்போது நீராவியை வெளியே விடும் திறப்பு) ஆளை உட்கார வைப்பது வேடிக்கைக்காக அல்ல. பந்தயத்தில் நீராவி வெளியேறாமல் அழுத்தம் ஏற வேண்டும் என்பதற்காக. உலையில் பிசினும் பைன் விறகும் திணிப்பதும் அதற்கே. மரத்தாலான படகு வேறு, கேட்கவா வேண்டும்! 1865இல் மெம்பிஸ் அருகே ‘சுல்தானா’ என்ற நீராவிப் படகின் கொதிகலன்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒரு வேண்டுகோள்: செந்தமிழைக் குறையுங்கள். ஹே லிங்கனின் செயலாளராக இருந்தவர்தான். ஆனால் இந்தக் கவிதையைச் சொல்பவன் பைக் கவுன்டி என்ற அமெரிக்க நாட்டுப்புறத்துக்காரன். இரண்டு ஊரில் இரண்டு மனைவி வைத்திருந்த ஜிம்மின் கதையை அவன் பண்டிதர் நடையில் சொல்ல மாட்டான்.