பிஜே மாஸ்க்ஸில் யார் யாராக மாறுகிறார்கள்?

பிஜே மாஸ்க்ஸ் கார்ட்டூனில் அந்த மூன்று பிள்ளைகளும் இரவில் யாராக மாறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் எங்கட வீட்டுச் சின்னவன் இதைப் போடாமல் வாய் திறந்து சாப்பிடமாட்டான். அதனால் எனக்கு மனப்பாடம்.

நீல உடை போடும் கொனர்தான் கட்போய். பூனைப் பாய்ச்சல், வேகம், கூர்மையான காது. பச்சை உடை கிரெக், கெக்கோ ஆவான். சுவரில் ஏறுவான், நிறம் மாறி மறைவான், பாரமான சாமானையும் தூக்குவான். (பல்லிக்கு ஏது அந்தப் பலம்?) சிவப்பு உடை அமாயா, அவ்லெட். இருட்டிலும் தெரியும் ஆந்தைக் கண், பறக்கச் சிறகு. ஆந்தை அலறினாலே அபசகுனம் என்பா எங்கட அம்மம்மா. இங்கே அதுதான் ஊரைக் காக்கிறது!

பிஜே என்பது பிஜாமா. பிரெஞ்சுப் படக்கதைப் புத்தகங்களிலிருந்து வந்த இத்தொடர் 2015இல் தொடங்கியது.