விண்டோஸை மூன்றாவது முறை போடுவதற்கு முன் ரேமைப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக் கணினி திடீர் திடீரென்று ப்ளூ ஸ்கிரீன் காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டாகிவிட்டது. ரேம் கோளாறாக இருக்குமா? கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ரேம் என்பது கணினி ஓடும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி. அதைச் சோதிக்க ஒரு பென்டிரைவ், ஒரு ராத்திரி, பென்சில் அழிக்கிற ரப்பர் ஒன்று, இவ்வளவுதான் செலவு. இது எனக்குத் தெரியவர நாலு மாதமும் சில ஆயிரம் ரூபாயும் பிடித்தன. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் இருப்பது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது தொழில். ஸ்டூடியோக்காரர்கள் படங்களை ஹார்டு டிஸ்கில் கொடுத்துவிட்டுப் போவார்கள், நான் வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் செய்து கொடுப்பேன். கணினி 2019-ல் அசெம்பிள் செய்தது. முதலில் 8 ஜிபி ரேம்தான் இருந்தது. போதவில்லை என்று இன்னொரு 8 ஜிபியை செகண்ட் ஹாண்டில் வாங்கிச் சேர்த்தேன். ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை.

அடுத்த கத்திரி வெயிலில் ஆரம்பித்தது. குரோமில் டேப் தானாகச் செத்துப்போகும். ஜிப் ஃபைலைப் பிரித்தால் சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை) வரும், அதே ஃபைல் இரண்டாம் தடவை ஒழுங்காகப் பிரியும். அப்புறம் ப்ளூ ஸ்கிரீன். ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வரும், மறுநாள் 'பேஜ் ஃபால்ட்' என்று வரும், அதற்கடுத்த நாள் வாயில் நுழையாத வேறொன்று. பக்கத்துத் தெரு சர்வீஸ் தம்பி வந்து விண்டோஸ் போட்டார். பத்து நாளில் மறுபடி வந்தது. "அண்ணே, ஹார்டு டிஸ்க் போயிடுச்சு" என்றார், எஸ்எஸ்டி மாற்றினோம். பிறகு "எஸ்எம்பிஎஸ் வீக்காயிடுச்சுண்ணே" என்றார், கரண்ட் கொடுக்கிற அந்தப் பெட்டியையும் மாற்றினோம். அவர் மேல் தப்பில்லை. ரேம் கெட்டால் பழி எப்போதும் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் விழும். ஹார்டு டிஸ்க் படிப்பதும், விண்டோஸ் ஓடுவதும், போட்டோஷாப் திறப்பதும் எல்லாமே ரேம் வழியாகத்தானே நடக்கிறது?

எனக்கு உறைத்தது ஒரு ராயபுரம் கல்யாணப் படத்தைப் பார்த்துத்தான். முகூர்த்தப் படம். மேலிருந்து மாப்பிள்ளையின் கைவரை எல்லாம் சரியாக இருக்கிறது. தாலிக்குக் கீழே ஒரு கோடு கிழித்த மாதிரி, படம் ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்து, பட்டுப்புடவை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாக நிற்கிறது. அடிவயிறு கலங்கிவிட்டது. ஸ்டூடியோ டிஸ்கில் இருந்த மூலப்படத்தைத் திறந்தேன், பளிச்சென்று இருந்தது. மறுபடி காப்பி செய்தேன், அதுவும் நன்றாக வந்தது. அப்படியானால் முதல் தடவை காப்பி ஆகும்போது வழியில் ஏதோ மாறியிருக்கிறது. ஜேபெக் படத்தில் ஒரே ஒரு பிட் பிசகினாலும் போதும், அதற்குப் பின்னால் வருகிற நிறக் கணக்கு எல்லாம் தடம் மாறிவிடும்.

ரேமுக்குள் நடப்பதைச் சொல்ல மெட்ரோ வாட்டர் குடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் குடம், நிரம்பியிருந்தால் ஒன்று, காலியாக இருந்தால் பூஜ்யம். எல்லாமே கசிகிற குடங்கள். அதனால் 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை எல்லாக் குடத்தையும் பார்த்து, நிரம்பியிருந்ததை மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 8 ஜிபி ரேம் பட்டை, அதாவது ஸ்டிக், ஒன்றில் இப்படி 6,871 கோடிக்கும் மேல் குடங்கள். சூடு ஏறினால் கசிவும் கூடும். கசிவு அதிகமான குடம் ஒன்று இருந்தால் குளிர்காலத்தில் தாக்குப்பிடிக்கும், மே மாதத்தில் கைவிடும். என் வீட்டில் நடந்தது அதுதான். இன்னொன்று: எந்தக் குடத்தில் எந்த நேரம் எந்த புரோகிராம் உட்கார்ந்திருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கோளாறு வேறு முகம் காட்டுகிறது. எப்போதும் ஒரே புரோகிராம், ஒரே இடத்தில் விழுந்தால் நான் ரேமைச் சந்தேகப்பட மாட்டேன். தினம் ஒரு காரணம் சொன்னால் ரேமைத்தான் முதலில் பிடிப்பேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சோதனைக்கு முன்னால் ஒரு வேண்டுகோள்: சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து அந்தக் கணினியில் எதையும் கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள், டிஸ்க் ரிப்பேர் ஓட்டாதீர்கள், பேக்கப்கூட எடுக்காதீர்கள். பேக்கப் எடுப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கெட்ட ரேம் வழியாகப் போகிற பேக்கப், நல்ல பழைய பேக்கப்பின் மேல் கெட்டதை எழுதிவிடலாம். அவசரமென்றால் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுங்கள். நான் இதைத் தெரியாமல் செய்து, இரண்டு பழைய ஆல்பங்களில் ஏழு படங்களை இழந்தேன். நல்ல வேளையாக ஸ்டூடியோவில் மூலம் இருந்தது.

விண்டோஸிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் வரும், ரீஸ்டார்ட் ஆகி ஓடும். அது கெட்டது என்றால் நம்பலாம், நல்லது என்றால் நம்ப வேண்டாம். எனக்கு இரண்டு தடவை நல்லது என்றே சொன்னது. உருப்படியான சோதனைக்கு மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இப்போது இரண்டும் வேறு வேறு. இரண்டாவது ஓப்பன் சோர்ஸ், முதலாவதில் இலவசப் பதிப்பும் இருக்கிறது. வேறு நல்ல கணினியில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, அதிலிருந்து கணினியைத் தொடங்க (பூட் செய்ய) வேண்டும். லேப்டாப்பாக இருந்து செக்யூர் பூட்டை (அங்கீகாரம் இல்லாத மென்பொருளிலிருந்து தொடங்க விடாத காவல்) அணைக்க வேண்டி வந்தால், முதலில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ, அதாவது விண்டோஸ் டிஸ்கைப் பூட்டிவைத்திருந்தால் திறக்கிற எண், கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரேமைச் சோதிக்கப் போய் டிஸ்க் பூட்டிக்கொண்ட கதையாகிவிடும்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஒரு பாஸ் (ரேம் முழுக்க ஒரு சுற்றுச் சோதனை) முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், நாலு பாஸாவது ஓட வேண்டும். என்னுடையது முதல் பாஸில் சுத்தமாக இருந்தது. இரண்டாவது பாஸில், கேபினட் நன்றாகச் சூடான பிறகு, சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. விடியற்காலை எழுந்து பார்த்தபோது 43 எரர். நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாக டீ குடித்தேன். எத்தனை எரர் வந்தால் பரவாயில்லை என்று சிலர் கேட்பார்கள். பூஜ்யம்தான் கணக்கு. ஒன்று வந்தாலும் கோளாறுதான்.

எரர் வந்ததும் புது ரேம் வாங்க ஓடாதீர்கள். முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கிற செட்டிங்ஸ்) ரேமை வேகமாக ஓட்டுகிற எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும் டிடிஆர்4 ரேம்கள் பலவும் அந்த வேகத்துக்கு வழக்கமான 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட் கேட்பவை. அது கிட்டத்தட்ட ஓவர்கிளாக்தான், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் விரட்டுவது. வேகத்தைக் குறைத்ததும் எரர் நின்றுவிட்டால், குறைந்த வேகத்திலேயே ஓட்டுங்கள். ஆல்பம் வேலையிலும் டேலியிலும் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

நிற்கவில்லையா, இனி ரப்பர். எங்கள் பக்கம் கடற்காற்றில் கிரில் கேட்டும் சைக்கிள் செயினும் என்ன பாடு படுகின்றன என்று தண்டையார்பேட்டை, காசிமேடுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரேமின் விளிம்பில் தங்க முலாம் இருந்தாலும் அழுக்கும் உப்பும் படிந்தால் காண்டாக்ட் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச கரண்டை வடித்து, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கிளிப்பை விரித்து ஸ்டிக்கை எடுங்கள். பொன்னிறக் கோடுகள்மேல் ரப்பரை மெதுவாக இழுங்கள், வறட்டு வறட்டென்று தேய்க்க வேண்டாம். துகளைச் சுத்தமான துணியால் துடையுங்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். பெயின்ட் பிரஷ் போதும். திரும்ப வைக்கும்போது கிளிப் 'டக்'கென்று தானாக மூட வேண்டும். பாதிப் பேர் ரேமை அழுத்தப் பயந்து அரைகுறையாக வைத்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் எரர் வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே மாட்டிச் சோதியுங்கள், எந்த ஸ்லாட் என்று மதர்போர்டு புத்தகத்தில் இருக்கும். ஒரு ஸ்டிக் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் எரர் தந்தால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில்தான் எரர் என்றால் மதர்போர்டு. எல்லாமே எல்லாவற்றிலும் எரர் என்றால் பிராசஸரோ பவரோ. அப்போது கடைக்குப் போவதுதான் மரியாதை. என் விஷயத்தில் குற்றவாளி, எதிர்பார்த்தபடியே, அந்த செகண்ட் ஹாண்ட் ஸ்டிக்.

லேப்டாப்பில் ரேமைக் கழற்ற முடியாதபடி போர்டோடு சால்டர் செய்திருந்தால், கெட்ட முகவரிகளை, அதாவது கெட்ட குடங்களை மட்டும் ஒதுக்கிவைக்கச் சொல்ல விண்டோஸிலும் லினக்ஸிலும் வழி உண்டு. குழந்தைகள் பாடம் பார்க்கிற மெஷினுக்குச் செய்யலாம். பிறர் வீட்டுக் கல்யாணப் படம் இருக்கிற மெஷினில் நான் செய்ய மாட்டேன், ஓட்டை பெரிதாகாது என்று யார் உத்தரவாதம் தருவது?

வாங்கப் போனால், காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, கணினிச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். பில் கேட்டு வாங்குங்கள். பல பிராண்டு ரேம்களுக்கு வருடக்கணக்கில் வாரன்டி உண்டு, பில் இல்லாத ரேமுக்கு ஒன்றும் கிடையாது. முடிந்தால் இரண்டு ஸ்டிக்கையும் ஒரே கிட்டாக எடுங்கள். புதிது என்று நம்பி நேராக வேலையில் இறங்கிவிடாமல் அதையும் ஒரு ராத்திரி மெம்டெஸ்டில் போடுங்கள்.

"இது தெரியாமல் இத்தனை நாள் ஏமாந்தேனே" என்று உங்களுக்குத் தோன்றினால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் அவருடைய கணினியும் இப்படித்தான் கண்டபடி விழுந்தது. தன்னுடைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஏதோ புது பக் என்றுதான் அவரே முதலில் நினைத்தார். கடைசியில் பார்த்தால், இரண்டரை வருடம் ஒழுங்காக ஓடிய ரேம் ஸ்டிக் ஒன்று கெட்டுப்போயிருந்தது. பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ரேமை அதற்குப் பிறகு போட்டுக்கொண்டார். நம் வீட்டு மதர்போர்டுகள் பலவும் அதை ஏற்காது.

கடைசியாக ஒன்று. கெட்ட ஸ்டிக்கின் மேல் மார்க்கரால் பெரிதாக ஒரு குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள். நான் போடாமல் டிராயரில் வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து, கொருக்குப்பேட்டையிலிருந்து மச்சான் வந்தபோது, என் மனைவி "சும்மாதானே கிடக்குது" என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். மறுவாரம் போன் வந்தது: "மாமா, சிஸ்டம் அடிக்கடி ஹேங் ஆகுது. விண்டோஸ் போடணும், அந்த சர்வீஸ்காரர் நம்பர் இருக்கா?"