சிவப்பு வட்டாரத்துக்குக் கூடுதல் பங்கு

கல்வி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் ‘ஸ்கூல் சூப்பரின்டென்டென்ட்’ என்றொரு பதவி இருப்பதாக அடிக்கடி படிக்கிறேன். அவர் நம்முடைய முதன்மைக் கல்வி அலுவலரைப் போன்றவர்தானா? அந்தப் பதவியில் இருந்துகொண்டு பள்ளிகளை மேலே கொண்டுவந்தவர் என்று யாரையாவது சொல்ல முடியுமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

பதில்: வேலையின் பெயரை வைத்து ஒப்பிடலாம், அதிகாரத்தை வைத்து ஒப்பிட முடியாது. நம் முதன்மைக் கல்வி அலுவலர் அரசு ஊழியர். பாடத்திட்டமும் ஆசிரியர் நியமனமும் நிதியும் சென்னையில் முடிவாகின்றன. மாறுதல் ஆணை வந்தால் அவர் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுவார். மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமெரி கவுண்ட்டியில் (கவுண்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம் ஒன்று கண்காணிப்பாளரை, அதாவது சூப்பரின்டென்டென்ட்டை, 4 ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துகிறது. அந்த வாரியத்தில் மாணவர்களே தேர்ந்தெடுக்கும் மாணவர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆள் எடுப்பது, எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று பிரிப்பது, வகுப்பறையில் எதை எப்படிச் சொல்லித்தருவது என்பவற்றில் கண்காணிப்பாளரின் கை நீளமானது. ஆனால் வாரியத்துக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை என்பதால், பணத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் கவுண்ட்டி மன்றத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

நீங்கள் கேட்ட உதாரணத்துக்கு நான் ஜெரி வீஸ்டைச் சொல்வேன். கான்சாஸ் மாநிலத்துக்காரரான அவர், வட கரோலினாவில் மூன்று தனித்தனிக் கல்வி அமைப்புகள் 1993இல் ஒன்றாக இணைக்கப்பட்டு உருவான கில்ஃபோர்டு கவுண்ட்டியின் கண்காணிப்பாளராக இருந்தார். பிறகு 1999 முதல் 2011 வரை, வாஷிங்டன் நகரை ஒட்டியுள்ள மாண்ட்கோமெரி கவுண்ட்டியின் பள்ளிகளை நடத்தினார். அப்போது ஏறத்தாழ 1,40,000 மாணவர்கள் படித்த பெரிய மாவட்டம் அது. பெருநகர மாவட்டங்களின் கண்காணிப்பாளர்கள் சில ஆண்டுகளிலேயே மூட்டை கட்டிவிடும் நாட்டில் ஒருவர் ஒரே இடத்தில் 12 ஆண்டுகள் நிலைத்ததே பாதிச் செய்தி என்பது என் எண்ணம்.

கேள்வி: அவர் தம் மாவட்டத்தைச் ‘சிவப்பு வட்டாரம்’, ‘பச்சை வட்டாரம்’ என்று பிரித்தார் என்கிறார்கள். இப்படி முத்திரை குத்துவது சரியா? ஏழைப் பகுதிக்கு அதிகம் கொடுத்தால் வசதியுள்ள பெற்றோர் சும்மா இருப்பார்களா?
– கல்லூரி விரிவுரையாளர், மதுரை

பதில்: முத்திரை ஏற்கெனவே இருந்தது, அவர் அதை வரைபடத்தில் ஏற்றிக் காட்டினார் என்று சொல்வதே பொருந்தும். மாண்ட்கோமெரி என்றால் பெத்தெஸ்டா, பொட்டோமாக் போன்ற செல்வர் குடியிருப்புகளே வெளியாருக்கு நினைவுக்கு வரும். ஆனால் சில்வர் ஸ்பிரிங், வீட்டன், கெய்தர்ஸ்பர்க் பக்கங்களில் புலம்பெயர்ந்து வந்தவர்களும் குறைந்த வருமானக்காரர்களும் நெருக்கமாகக் குடியேறியிருந்தார்கள். வறுமை எங்கே, ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத குழந்தைகள் எங்கே, கறுப்பின, ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளி) மாணவர்கள் எங்கே, மதிப்பெண் குறைவு எங்கே என்று தனித்தனியாகக் குறித்தபோது எல்லாப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன. அதுதான் சிவப்பு வட்டாரம். வசதியான மீதிப் பகுதி பச்சை வட்டாரம். மாவட்டத்தின் சராசரி நன்றாக இருந்ததால், அதன் நிழலில் அந்தப் பகுதி யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

சிவப்பு வட்டாரத்துப் பள்ளிகளில் கிண்டர்கார்டனை அரை நாளிலிருந்து முழு நாளாக்கினார்கள். 2000–01 கல்வியாண்டில் மிகவும் பின்தங்கிய பள்ளிகளில் தொடங்கிப் படிப்படியாக அது பரவியது. அங்கே கிண்டர்கார்டனில் வகுப்புக்கு 15 குழந்தைகள், 1, 2ஆம் வகுப்புகளில் 17 குழந்தைகள் என்று எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆசிரியை ஒரு குழந்தையை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்துச் சின்னஞ்சிறு புத்தகமொன்றை உரக்கப் படிக்கச் சொல்வார். குழந்தை எந்தச் சொல்லில் தடுக்கியது, எதைத் தானே திருத்திக்கொண்டது என்பதைக் கையடக்கக் கருவியொன்றில் அங்கேயே குறித்துக்கொள்வார். அடுத்த வாரம் அந்தக் குழந்தையை எந்தக் குழுவில் உட்காரவைப்பது என்பதற்கு அந்தக் குறிப்பே வழிகாட்டும். 40 பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். 15 பேர் என்றால் முடியும்.

உங்கள் இரண்டாவது ஐயம் நியாயமானது. பந்தியில் பக்கத்து இலைக்கு இரண்டு வடை விழுந்தால் நம் இலையைப் பார்த்துக்கொள்வது மனித இயல்பு. வீஸ்ட் இதற்குக் கண்ட வழி, வசதியுள்ள பகுதிக்கும் ஏதோ ஒன்று உயரும்படி இலக்கை வகுத்தது. எல்லா மாணவர்களும் கல்லூரிக்குத் தயாராக வேண்டும் என்ற இலக்கை முதலில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி நடந்து ‘ஏழு திறவுகோல்கள்’ என்று அறிவித்தார். கடைசித் திறவுகோல், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் அப்போதைய முறைப்படி 2,400க்கு 1,650 மதிப்பெண் அல்லது அதேபோன்ற ஏ.சி.டி. தேர்வில் 36க்கு 24, அதற்கு முந்தையது கல்லூரித் தரத்திலான ஏ.பி. தேர்வில் 5க்கு 3 அல்லது அதேபோன்ற ஐ.பி. தேர்வில் 7க்கு 4, அதற்கும் முன்னால் 11ஆம் வகுப்புக்குள் இரண்டாம் நிலை இயற்கணிதம், 8ஆம் வகுப்புக்குள் முதல் நிலை இயற்கணிதம் என்று கீழிறங்கி, கிண்டர்கார்டன் குழந்தையின் வாசிப்பில் அது முடிகிறது. பொட்டோமாக்கில் இருக்கும் தாய்க்கும் வீட்டனில் இருக்கும் தாய்க்கும் ஒரே தாள் கையில் கிடைத்தது. தரம் எல்லோருக்கும் ஒன்று, அதை எட்டுவதற்கான உதவி மட்டும் ஆளுக்கேற்ப மாறும் என்ற வாதத்தைப் பச்சை வட்டாரத்தினரால் எளிதில் மறுக்க முடியவில்லை. எதிர்ப்பே எழவில்லை என்று நான் சொல்லவில்லை. எழுந்த எதிர்ப்பு திட்டத்தைக் கவிழ்க்கும் அளவுக்கு வளரவில்லை.

இன்னொன்றும் செய்தார்கள். உயர்நிலைக் கடினப் பாடங்களில் யார் சேரலாம் என்பது பெரும்பாலும் ஆசிரியரின் பரிந்துரையைப் பொறுத்திருந்த நிலையில், பி.எஸ்.ஏ.டி. என்ற முன்தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு, தகுதி இருந்தும் யாரும் கைகாட்டாத மாணவர்களைப் பெயர் பெயராகத் தேடி எடுத்தார்கள். அப்படிக் கிடைத்த பெயர்களில் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் பலர் இருந்தார்கள்.

கேள்வி: சரியாகக் கற்பிக்காத ஆசிரியர்களை அவர் என்ன செய்தார்? சங்கங்கள் எதிர்க்கவில்லையா?
– அரசுப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம்

பதில்: சங்கத்தையே கூட்டாளியாக்கினார். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் தடுமாறும் பழைய ஆசிரியர்களுக்கும், தேர்ந்த ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கே வந்து ஓராண்டு உடனிருந்து வழிகாட்டுவார். ஆண்டு முடிவில் அந்த ஆசிரியர் தொடரலாமா என்பதை 8 ஆசிரியர்களும் 8 தலைமையாசிரியர்களும் கொண்ட 16 பேர் குழு பரிசீலிக்கும். அதாவது, சக ஆசிரியரே சக ஆசிரியரைப் பார்த்து ‘இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரவில்லை’ என்று சொல்லும் ஏற்பாடு. முதல் 11 ஆண்டுகளில் 200 பேரை நீக்க அந்தக் குழு வாக்களித்தது. மேலும் 300 பேர் அந்தச் சோதனைக்கு உட்படாமல் தாமாகவே விலகினார்கள். இந்த ஏற்பாடு வருவதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் நீக்கப்பட்டவர்கள் வெறும் 5 பேர். அதிகாரியின் தடியால் இந்த எண்ணிக்கை வந்திருக்காது என்றே நினைக்கிறேன். வந்திருந்தாலும் வழக்கு மன்றத்திலேயே முடங்கியிருக்கும்.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற அவர் விலையும் கொடுத்தார். 2010இல் ஒபாமா அரசின் ‘ரேஸ் டு தி டாப்’ என்ற கல்விச் சீர்திருத்த நிதியிலிருந்து மாவட்டத்துக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் கிடைக்கவிருந்தது. மாநிலத் தேர்வில் மாணவர் எடுக்கும் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோட வேண்டும் என்பது நிபந்தனை. வேண்டாம் என்றுவிட்டார். பொருளாதார நெருக்கடியின்போது ஒப்பந்தப்படி வரவேண்டிய சம்பள உயர்வைச் சங்கங்கள் விட்டுக்கொடுத்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு மாண்ட்கோமெரிக்குக் குடிபோகிறாள். அங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் உண்டா? விரும்பிய பள்ளியில் சேர்க்கலாமா?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

பதில்: கட்டணம் கிடையாது. பள்ளியைப் பொதுவாக உங்கள் மகளின் வீட்டு முகவரியே தீர்மானிக்கும். சில சிறப்புத் திட்டங்களுக்கு மட்டும் விண்ணப்பித்துச் சேரலாம்.

கேள்வி: இவ்வளவும் சொன்னீர்கள், அவர் வெற்றி பெற்றாரா இல்லையா?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

பதில்: விருதுக் கணக்கில் பார்த்தால் குறையில்லை. 2010இல் தரமேம்பாட்டுக்கான மால்கம் பால்ட்ரிஜ் தேசிய விருது மாவட்டத்துக்குக் கிடைத்தது. நகர்ப்புற மாவட்டங்களுக்கான பிராட் பரிசின் இறுதிச் சுற்றுக்கும் அதே ஆண்டு வந்தது. எனக்கு விருதுகளைவிட இரண்டு சறுக்கல்கள் முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது கணக்குப் பாடம். 5ஆம் வகுப்பிலேயே 6ஆம் வகுப்புக் கணக்கை முடிப்பது ஏழு திறவுகோல்களில் ஒன்று. இலக்கு என்று எழுதிவைத்தால் பள்ளிகள் அதை நோக்கி ஓடத்தான் செய்யும். ஓடியதில், பின்னம் பிடிபடாத பிள்ளைகளும் மேல்வகுப்புக் கணக்கில் உட்காரவைக்கப்பட்டார்கள். மாவட்டம் அமைத்த கணிதக் குழுவே 2010இல் இந்த வேகம் அதிகம், ஆழம் போதாது என்று சொல்ல, பாதையை மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணிக்கையை இலக்காக்கும் எந்தத் தலைமைக்கும் இந்த ஆபத்து உண்டு என்றாலும், தன் குழுவின் வாயாலேயே அதைச் சொல்லவைத்தது அந்த அமைப்பின் நேர்மை.

இரண்டாவது இன்னும் ஆழமானது. மாண்ட்கோமெரியில் 1974 முதல், பெரிய குடியிருப்புத் திட்டம் கட்டுபவர் ஒரு பகுதி வீடுகளைக் குறைந்த விலைக்கு ஒதுக்க வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. அவற்றில் சிலவற்றை வீட்டுவசதி அமைப்பு வாங்கி ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறது. யாருக்கு எந்த வீடு என்பது ஏறத்தாழ குலுக்கல் போல அமைவதால், ஒரே நிலையிலுள்ள ஏழைப் பிள்ளைகளில் சிலர் பச்சை வட்டாரப் பள்ளிகளுக்கும் சிலர் சிவப்பு வட்டாரப் பள்ளிகளுக்கும் போனார்கள். ஹெதர் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் 2001 முதல் 2007 வரை இப்படி சுமார் 850 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். கூடுதல் பணமும் சிறிய வகுப்பும் கிடைத்த சிவப்பு வட்டாரத்துப் பிள்ளைகளைவிட, அவை எதுவும் தனியாகக் கிடைக்காமல் வசதியான பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகளே வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறியிருந்தார்கள். தொடக்கப் பள்ளி முடிவதற்குள் கணக்கில், வசதியுள்ள மாணவர்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான தூரம் பாதியாகக் குறைந்திருந்தது.

இதனால் வீஸ்டின் உழைப்பு வீண் என்று ஆகாது. சிவப்பு வட்டாரத்துக்கு அந்த உதவியும் இல்லாதிருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஆய்வு கேட்கவில்லை. ஆனால் யார் எங்கே குடியிருப்பது என்பதை முடிவு செய்வது கவுண்ட்டி மன்றமும் வீட்டுச் சந்தையும். கண்காணிப்பாளரின் கையெழுத்து அந்தக் கோப்பில் வருவதே இல்லை.